ஆமைக்கு ஒரே வரிதானா?

மொரீஷியஸ் கரையோரத்து 'இல் ஓ எக்ரெட்' என்ற தீவைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அங்குள்ள அரிய பறவையான இளஞ்சிவப்புப் புறாவுக்கு இத்தனை பத்தி, ஆமைக்கு ஒரே வரியா?

வெறும் 26 ஹெக்டேர் தீவு. 1965ல் இயற்கைக் காப்பகம் ஆனது. அதற்குள் கருங்காலி மரங்களைப் பெரும்பாலும் விறகுக்கு வெட்டிவிட்டார்கள். மிஞ்சியவை காய்த்தாலும், பழத்தைத் தின்று விதையைத் தள்ளிக் கொண்டுபோய்ப் போட ஆளில்லை. அந்த வேலையைச் செய்த மொரீஷியஸ் ராட்சத ஆமைகளை மாலுமிகள் கறிக்காகப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். அதனால் சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கழித்துப்போட்ட இடங்களில் கருங்காலிக் கன்று முளைத்தது. ஆமை வயிற்றில் போய்வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கிறது என்பதுதான் வேடிக்கை.

மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், வெளிநாட்டு ஆமையை விடுவது இயற்கையைக் கெடுப்பது என்கிறார். எங்கள் ஏற்காட்டுக்கு வந்து பாருங்கள் சார். காப்பிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தது. இந்தச் சேர்வராயன் மலைக்கே உரிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரத்தைக் காட்டச் சொன்னால் உள்ளூர்க்காரர்களே முழிப்போம். அந்த ஆமையாவது காட்டை மீட்கிறது!

ஆசிரியருக்கு ஒரு கேள்வி: 2020ல் வகாஷியோ கப்பல் எண்ணெய் கொட்டியபோது தீவின் நாற்றங்கால் செடிகளை அவசரமாக அப்புறப்படுத்தினார்களே, அவை திரும்பி வந்தனவா? அடுத்த பகுதியில் எழுதுங்கள்.