சர்க்கரையைக் குறைத்தால் நுரை நிற்காது
டல்கோனா காபி, அதாவது நுரை வர அடித்துப் பால்மேல் வைக்கும் காபி பற்றிய கட்டுரையில், இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் தலா 2 மேசைக்கரண்டி என்று சொன்ன அளவு சரிதான். ஆனால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்றதை நம்பி ஏமாந்தேன். நுரை என்னவோ வந்தது, குளிர்ந்த பால்மேல் வைத்ததும் தளர்ந்து கரைந்துவிட்டது. கரைந்த சர்க்கரையின் பிசுபிசுப்புதான் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. அப்புறம், ஃபில்டர் டிகாஷனில் இந்த வேலை நடக்காது, வீணாக்காதீர்கள்.

அடிக்க மிக்சி வேண்டாம், ஸ்பூன் போதும், கைதான் கழன்றுவிடும். கரும்பழுப்பு வெளுத்து, ஸ்பூனைத் தூக்கினால் சொட்டாமல் கூம்பாக நின்றால் பதம். 2020 ஊரடங்கில் இந்தக் காபி கொரியாவிலிருந்து டல்கோனா என்ற பெயரில் பரவியது உண்மைதான். வட இந்திய வீடுகளில் அதற்கு வெகு முன்பே கப்பிலேயே அடித்து, சூடான பால் ஊற்றிக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.