தை முகூர்த்தமும் ஒரு முழம் மல்லியும்

தங்கச்சி கல்யாணத்துக்கு பூ சொல்லப் போனதுல இருந்தே எனக்கு பிபி ஏறுது. மண்டபம், சமையல்காரர் எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு, இந்த பூ மட்டும் மூணு வாரமா இழுக்குது.

தை மாசம்னா பனிக்கு மல்லி விளைச்சல் குறைஞ்சிரும், ஆனா முகூர்த்தம் மட்டும் வரிசையா வரும், மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கிலோ 3,000 தாண்டுறதெல்லாம் சாதாரணம், அது எனக்கும் தெரியும், அதுக்காக பூக்காரண்ணன்கிட்ட ரேட் கேட்டா "அன்னைக்கு காலைல பாத்துக்கலாம் தம்பி"னு சொன்னா நான் என்னத்த பட்ஜெட் போடுறது? அட்வான்ஸ் மட்டும் இன்னைக்கே வேணுமாம்!

சரி மாலையாவது முடிவு பண்ணலாம்னு பாத்தா தங்கச்சி போன்ல ஒரு போட்டோ காட்டுறா, வெளிர் பிங்க்ல ரோஜா இதழ் மாலை. பூக்காரண்ணன் கண்ணாடிய ஏத்திவிட்டு ரெண்டு விரலால போட்டோவ பெருசாக்கிப் பாத்துட்டு "இது பன்னீர் ரோசுல வராது, ஓசூர்ல இருந்துதான் பூ எறக்கணும்"னாரு. அம்மாவுக்கோ சம்பங்கியும் மரிக்கொழுந்தும் இல்லாம மாலையே கிடையாது. நடுவுல நான்.

முழக்கணக்கு இன்னொரு கொடுமை. பூக்காரண்ணன் ஆளு குட்டை, கையும் குட்டை, அவரு அளந்து குடுத்த அஞ்சு முழத்த வீட்ல நான் அளந்தா நாலே முக்கால்தான் வருது. கேட்டா "உங்க கை நீளம் தம்பி"ங்குறாரு.