வேலை விசாவும் உதவித்தொகையும்

‘பிரிட்டனில் வேலை விசாவில் இறங்கிய மறுநாளே அரசு உதவித்தொகை தொடங்கிவிடும், வரி கட்டுபவர்களின் கோபம் அதனால்தான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. வேலை விசாவில் வருபவர்களுக்கு, ‘பொது நிதி உதவி பெறத் தகுதியில்லை’ என்ற நிபந்தனை பொதுவாக விசாவிலேயே விதிக்கப்படுகிறது. யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி), குழந்தை உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி எதையும் அவர்கள் கோர முடியாது. ஆனால் வருமான வரியும் தேசியக் காப்பீடு என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் முதல் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும்.

மருத்துவமும் இனாம் இல்லை. அரசு மருத்துவ சேவைக்காக விசா விண்ணப்பத்தோடு கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம், 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட். மூன்றாண்டு விசா என்றால் விண்ணப்பிக்கும்போதே 3,105 பவுண்ட் கட்டியாக வேண்டும். மருத்துவ, பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு விலக்கு உண்டு.

அகதியாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் உதவித்தொகை கோரலாம். அந்தச் செலவைப் பற்றித் தாராளமாக வாதிடுங்கள். ஆனால் அகதிக்கு உள்ள உரிமையை வேலைக்கு வந்தவரின் தலையில் ஏற்றி, அவரை ஒட்டுண்ணி என்று ஏசுவது பெரிய அநியாயம்.

கோபத்துக்குக் காரணம் வரிச்சுமைதான் என்பதும் அவ்வளவு எளிதல்ல. அப்படியானால் கூடுதலாக வரி கட்டும் பணக்காரர்கள்தான் கூடுதலாக எதிர்க்க வேண்டும். ஆனால் அமெரிக்கக் கருத்துக்கணிப்பை ஆராய்ந்து ஹைன்முல்லர், ஹிஸ்காக்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், திறன் குறைந்த குடியேறிகளை ஏழைகளைவிடப் பணக்காரர்கள் கூடுதலாக எதிர்க்கவில்லை.