இடப்பக்கம் நகர்ந்த ஐந்து பேர்

போன வாரம் நண்பன் வீட்டில் இரவுச் சாப்பாடு. பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சியிலும் அதன் முன்னாள் தலைவர் பாப் பிரவுனிலும் வந்து நின்றது. “பாப் பிரவுன், பாப் பிரவுன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாயே, 2009-இல் கார்பன் மசோதாவைக் கவிழ்த்ததே அவர் கட்சிதானே?” என்று கேட்டான். மெல்பர்னுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். புகை கக்கும் தொழில்களிடம் அதற்கு விலை வாங்கும் அந்த மசோதாவைக் கொண்டுவந்தது அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சி. அந்தக் கட்சிக்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அன்று நேரமாகிவிட்டதால் பேச்சு பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாடாளுமன்ற மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு என்றால் முதலில் மணி அடிக்கும், நான்கு நிமிடம். பிறகு கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். ஆதரிப்பவர்கள் அவைத் தலைவரின் வலப்பக்கமும் எதிர்ப்பவர்கள் இடப்பக்கமும் போய் உட்கார வேண்டும். யார் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதை நாடே பார்க்கும். 2009 டிசம்பர் 2 அன்று பிரதமர் கெவின் ரட்டின் கார்பன் மசோதா இரண்டாம் முறையாக அந்த அவைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள்தான் எதிர்க்கட்சியான லிபரல் கட்சிக்குள் 42க்கு 41 என்று ஒரே ஒரு வாக்கில் மால்கம் டர்ன்புல் வீழ்ந்து டோனி அபாட் தலைவரானார். அரசோடு செய்த உடன்பாட்டை அந்தக் கட்சி ஒரே இரவில் கைவிட்டது. அதன் உறுப்பினர்களில் இருவர் மட்டும், ஜூடித் ட்ரோத், சூ பாய்ஸ் என்ற இரண்டு பெண்கள், கட்சியை மீறி வலப்பக்கம் போனார்கள். பசுமைக் கட்சியின் ஐந்து பேர் இடப்பக்கம் போனார்கள். பருவநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை என்று சொல்லிவந்தவர்களும் உட்கார்ந்திருந்த வரிசைகள் அவை. 41க்கு 33. மசோதா தோற்றது. அந்த ஐவரும் வலப்பக்கம் போயிருந்தால் 38க்கு 36 என்று வென்றிருக்கும்.

இந்தக் கணக்கை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. மறைக்க நினைப்பவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் அந்த மசோதாவுக்குள் என்ன இருந்தது என்று படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2020க்குள் 2000-ஆம் ஆண்டு அளவிலிருந்து வெறும் 5 சதவீதக் குறைப்புதான் உறுதியான இலக்கு. மற்ற நாடுகள் முன்வந்தால் மட்டுமே அதற்கு மேல். அதிகம் புகை கக்கும் தொழில்களுக்கும் நிலக்கரி மின்நிலையங்களுக்கும் கோடிக்கணக்கில் இழப்பீடு. டர்ன்புல்லோடு பேரம் பேசப் பேச அந்த இழப்பீடு இன்னும் கூடியது. உள்நாட்டில் புகையைக் குறைக்காமலே வெளிநாட்டு அனுமதிச் சீட்டுகளை வேண்டிய மட்டும் வாங்கிக் கணக்கு காட்டவும் வழி இருந்தது. ரட் அரசு வாரக் கணக்கில் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து பேசியது; தன் இலக்கைப் போதாது என்று சொன்ன ஐந்து பேரோடு அப்படி உட்காரவில்லை. மசோதா தோற்ற மறுமாதமே பசுமைக் கட்சி ஓர் இடைக்கால கார்பன் வரியை முன்வைத்தது. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2010 ஏப்ரலில் ரட் தன் திட்டத்தையே கிடப்பில் போட்டார்.

எனக்கும் பல வருடம் பிரவுன் மீது வருத்தம் இருந்தது. குறையோடாவது ஒரு சட்டம் வந்திருக்கலாமே, பிறகு திருத்திக்கொள்ளலாமே என்று நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பயணம்.

தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் ஸ்ட்ராஹன் என்று ஒரு சின்ன ஊர். மழைக்குப் பேர்போன பகுதி. அங்கிருந்து படகேறினால் கோர்டன் ஆற்றுக்குள் போகலாம். தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது. மேட்டுப் புல்வெளிகளின் சாறு இறங்கி அப்படி ஆகிறதாம். காற்று நின்ற இடங்களில் அந்தக் கறுத்த நீர் கண்ணாடியாகிக் காட்டை அப்படியே தலைகீழாகக் காட்டியது. ஊரில் ஒரு மரப்பட்டறையில் ஹூயான் பைன் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழும் மரம் அது. வெளிர்மஞ்சள் நிறம், எண்ணெய்ப் பிசுபிசுப்பு, மூக்கை விட்டுப் போகாத இனிய வாசனை. அந்தத் துண்டு இப்போதும் என் மேசை மேல் இருக்கிறது. இந்தக் கோர்டனில் வந்து கலக்கும் பிராங்க்ளின் ஆற்றைத்தான் மாநில நீர்மின் ஆணையம் அணை கட்டி மூழ்கடிக்கப் பார்த்தது.

பிரவுன் அப்போது லான்செஸ்டனில் சாதாரண மருத்துவர். 1976-இல் ஒரு நண்பரோடு ரப்பர் படகில் பிராங்க்ளினில் இறங்கினார். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு பழைய மருத்துவராக இருக்கவில்லை. 1981 டிசம்பரில் மாநில அரசு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. இந்த அணை வேண்டுமா, அந்த அணை வேண்டுமா என்று மட்டுமே சீட்டில் கேட்டிருந்தார்கள். அணையே வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் சீட்டிலேயே “அணை வேண்டாம்” என்று பேனாவால் எழுதிப் போட்டார்கள். செல்லாத வாக்குகள்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முதல் வாக்கு அதுதான்: மோசமான இரண்டில் ஒன்றைப் பொறுக்கு என்று சொன்னபோது, பொறுக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கு.

அடுத்த டிசம்பரில் ஆற்றை மறித்துப் போராட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிரவுன் ரிஸ்டன் சிறையில் 19 நாள் இருந்தார். வெளியே வந்த மறுநாளே, ஓர் உறுப்பினர் விலகிய இடத்துக்கு வாக்குகளை மறுபடி எண்ணியதில் தேர்வாகி, மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அது 1983 ஜனவரி. மார்ச்சில் மத்தியில் அணையை எதிர்த்த பாப் ஹாக்கின் தொழிற்கட்சி அரசு வந்தது; ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அணை வரவில்லை. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் பிராங்க்ளின் ஓர் ஏரிக்குள் மூழ்கியிருக்கும்.

1996-இல் செனட்டுக்கு வந்தார். 1999 நடுப்பகுதியிலிருந்து மூன்று ஆண்டுகள் அங்கே பசுமைக் கட்சிக்கு அவர் ஒருவர்தான். அந்த அவையின் விதி ஒன்று எனக்கு மறக்காது: வாக்கெடுப்பு கேட்கக் குறைந்தது இரண்டு குரல் வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் மணி அடிக்காது, யாரும் இடம் மாற மாட்டார்கள். அவருடைய எதிர்ப்பை வேண்டுமானால் ஏட்டில் குறித்துக்கொள்வார்கள். அந்த நிலையிலும் காடுகளுக்காக, பருவநிலைக்காக, 2001-இல் டாம்பா கப்பலில் வந்த அகதிகளுக்காக எழுந்து நின்று பேசினார். எங்களில் பலருக்கு இந்தக் கட்சியின் பெயர் முதலில் காதில் விழுந்ததே அகதிகள் விவகாரத்தில்தான். தோற்பது உறுதி என்று தெரிந்தும் தன் பெயரை ஏட்டில் ஏற்றச் சொன்ன மனிதர், வெற்றி தோல்வி கணக்குப் பார்த்துத் தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தது நம் தவறு.

அவையின் ஏட்டில் ஏறாத பக்கமும் உண்டு. 1990-இல் கிடைத்த கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருதின் பணத்தை, லிஃபி என்ற இடத்தில் மரச் சீவலுக்காகப் போகவிருந்த காட்டு நிலத்தை வாங்க முன்பணமாகக் கட்டினார். வைலாங்டா காட்டில் வேகக் கிளிக்கும் கழுகுக்கும் ஒரு வண்டினத்துக்கும் ஆபத்து என்று மாநில வனத்துறை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு 2006-இல் வென்றார். மத்திய, மாநில அரசுகள் தங்களுக்குள் இருந்த வன ஒப்பந்தத்தின் வாசகத்தையே மாற்றின. மேல்முறையீட்டில் தோற்றார். 2009-இல் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாகச் சுமார் 2,40,000 டாலர் கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாமல் திவாலானால் அரசியல் சட்டப்படி செனட் பதவி போய்விடும். நாடெங்கும் இருந்து மக்கள் பணம் அனுப்பித்தான் அந்தப் பதவி தப்பியது. அதே ஆண்டு டிசம்பரில்தான் அந்த ஐவரும் இடப்பக்கம் நகர்ந்தார்கள்.

நண்பன் கேட்காமல் விட்டது 2011ஐப் பற்றி. 2010 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ரட்டுக்குப் பின் தொழிற்கட்சிப் பிரதமரான ஜூலியா கில்லார்ட் பசுமைக் கட்சியோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டார். பல கட்சிக் குழு ஒன்று உட்கார்ந்து புதிய சட்டத்தை எழுதியது. 2011 நவம்பர் 8 அன்று செனட்டில் 36க்கு 32 என்று அது நிறைவேறியது. இந்த முறை பிரவுனின் கட்சி வலப்பக்கம் இருந்தது. 2012 ஜூலை முதல் கார்பன் புகை டன்னுக்கு 23 டாலர் விலை. தூய ஆற்றலுக்கு முதலீடு செய்ய 1,000 கோடி டாலரில் ஒரு நிதி நிறுவனம், புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென ஓர் அமைப்பு, அரசுக்கு ஆலோசனை சொல்லத் தனி ஆணையம். 2050 இலக்கு 60 சதவீதத்திலிருந்து 80 ஆனது. 2020 இலக்கு அதே 5 சதவீதமாகத்தான் தொடங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2014 ஜூலையில் அபாட் அரசு கார்பன் விலையை ரத்து செய்தது. ஆனால் அந்த அமைப்புகளை அதனால் கலைக்க முடியவில்லை. அவற்றில் முதல் இரண்டும் இன்றும் சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைகளுக்கும் பணம் போட்டுக்கொண்டிருக்கின்றன. 2009 மசோதாவில் இவை இல்லை.

அவர் செய்த எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்று அர்த்தமில்லை. செனட்டை விட்டு விலகிய பிறகு, 2019 தேர்தலுக்கு முன்பு, அதானியின் நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்து ஹோபார்ட்டிலிருந்து குயின்ஸ்லாந்தின் கிளெர்மான்ட் வரை வாகன ஊர்வலம் நடத்தினார். சுரங்கத்தை எதிர்த்தது சரி. ஆனால் வேலைக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் தெற்கிலிருந்து வண்டிகளோடு போய் இறங்கியதை அந்த மக்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே வாக்குகள் மறுபக்கம் சாய்ந்தன. பிராங்க்ளினில் உள்ளூர் மக்களே சீட்டில் எழுதினார்கள். இங்கே அப்படி எழுத யாரையும் தயார்படுத்தவில்லை. 2009 வாக்கைவிட இதுதான் அவருடைய பெரிய பிழை என்பது என் எண்ணம்.

2009 மசோதா நிறைவேறியிருந்தால் அபாட்டால் அதை ரத்து செய்ய முடிந்திருக்காது என்கிறான் நண்பன். 2011 சட்டத்தைக் கலைத்தவருக்கு அதைக் கலைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் கேட்கிறேன். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வரும் ஜனவரி விடுமுறைக்கு அவனையும் ஸ்ட்ராஹனுக்கு அழைத்திருக்கிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது.