தோட்டத்துப் புத்தி என்று இனி என் முன்னால் பேசாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது நம் பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்கள் (மலேசியாவின் சிலாங்கூரில், இன்றைய பெஸ்தாரி ஜெயா) எல்லாருக்கும் தெரியும். காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியாகிவிட்டது. வகுப்பில் தூங்கும் பையனைப் பற்றி மைக்கில், "தோட்டத்துப் புத்தி, எங்கே போனாலும் விடாது" என்றார் பேச வந்த ஒரு பெரியவர். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்த எங்கள் குடும்பங்களை மட்டம்தட்டும் பேச்சு அது. முன்வரிசை சிரித்தது. பையனின் அம்மா நான்காவது வரிசையில் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அப்பா செம்பனைக் குலை தோளில் விழுந்து ஆறு மாதமாகப் படுத்திருக்கிறார். பையன் சாப்பாட்டுக் கடையில் இரவு ஒரு மணி வரை தட்டு கழுவுகிறான். ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்து. தூக்கம் வராமல் வேறென்ன வரும்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அந்தப் பெரியவரே நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் வந்தார். சாலை நெரிசல் என்றார், நாமும் நம்பினோம். அவருக்கு வந்தால் நெரிசல், அவனுக்கு வந்தால் புத்தி. நமக்கு நேர்ந்தால் சூழ்நிலை, அடுத்தவனுக்கு நேர்ந்தால் குணம்.

டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வை 1973இல் வெளியிட்டார்கள். அந்த மாணவர்கள் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகினார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அத்தனை பேரும் சாமியாராகப் படிக்கிறவர்கள்! விரட்டப்பட்டவர்களுக்கு மட்டும் இரக்கம் வற்றிப்போயிருந்ததா? கையில் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

தப்பு செய்தால் கண்டிக்க வேண்டாமா என்பார்கள். கண்டியுங்கள், நானும் கண்டிக்கிறேன். கேட்டுவிட்டுக் கண்டியுங்கள்.

"அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த நீ ஆசிரியை ஆகவில்லையா?" என்று நேற்றே ஒருவர் எழுதிவிட்டார். இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. என் அண்ணன் பதினாறு வயதில் ரப்பர் பால்மரம் சீவப் போனான். மழை பெய்தால் சீவ முடியாது, சம்பளமும் கிடையாது. அப்படி வந்த காசில்தான் எனக்குப் புத்தகம். என்னைக் கெட்டிக்காரி என்கிறீர்கள், அவனைப் படிப்பு ஏறாதவன் என்கிறீர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா. தோட்டத்தை விற்று லயத்தை உடைத்தபோது, அதே ஆட்கள் எங்களை முன்னேறத் தெரியாதவர்கள் என்றும் சொன்னார்கள். வீடு போனது யாரால் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை.

நான் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும்போது ரிப்போர்ட் அட்டை வாங்க அப்பா பள்ளிக்கு வந்தார். விடியலில் மரம் சீவி, பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தார். நான் பார்த்தேன். ஒட்டுப்பால் வாடை அதற்கெல்லாம் போகாது. நகக்கண்ணில் குடியிருக்கும். ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளித்துவிட்டு வரக்கூடத் தெரியாதா இந்த ஆளுங்களுக்கு?" என்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் என் பள்ளிப் பக்கமே வரவில்லை. பிள்ளை படிப்பில் அக்கறையில்லாத தகப்பன் என்று பேசினார்கள். ஐந்தாம் படிவம் முடியும்வரை என் அட்டையில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு தடவையும் அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவார்.