புளோரன்ஸில் உட்கார நினைத்தால் குற்றமா?

இத்தாலியின் புளோரன்ஸில் என்னென்ன பார்க்கலாம் என்று ஆளாளுக்கு எழுதிக் குவிக்கிறார்கள். பார்த்துக் களைத்தவர் எங்கே உட்காருவது என்று எழுத மட்டும் ஒருவருக்கும் மனம் வருவதில்லை. மறுமலர்ச்சிக் கலையின் தாய்வீடு, 1982 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் நகரம் என்றெல்லாம் கொண்டாடப்படும் அந்த ஊரின் நட்டநடுவில், காலையில் விடுதியை விட்டுக் கிளம்பியவர் நண்பகலில் ஐந்து நிமிடம் காலை நீட்டி உட்கார வேண்டுமென்றால், ஒன்று பணப்பையைத் திறக்க வேண்டும், அல்லது யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தபடியே உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் அது கால்களைப் பிழிந்தெடுக்கிற ஊர். பேராலயத்தின் மீது 1420க்கும் 1436க்கும் இடையில் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடத்தின் உச்சிக்குப் போக 463 படிகள் ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. பக்கத்திலேயே நிற்கும் ஜொட்டோவின் மணிக்கூண்டுக்கு 414 படிகள். இரண்டையும் சேர்த்து 30 யூரோவுக்கு ஒரே டிக்கெட்டாக விற்பதால், கொடுத்த காசு வீணாகிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டிலும் ஏறிவிடுகிறோம். பிறகு உஃபிஸி ஓவியக்கூடம்: கூட்டம் மிகுந்த மாதங்களில் 25 யூரோ, முன்பதிவுக்குத் தனியாக 4 யூரோ. அங்கே போட்டிச்செல்லியின் வீனஸ் ஓவியத்தைப் பார்ப்பதற்குள் மாடிப்படிகளையும் நீண்ட தாழ்வாரத்தையும் பலர் தோளோடு தோள் உரசும் அறைகளையும் கடந்திருப்போம். வெளியே வந்தால் வழியெங்கும் கல் பாவிய தரை. இவ்வளவையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லும் ஊர், வந்தவர்களுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதை எப்படி மறந்தது?

என் அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. மதிய வெயிலில் ஒரு தேவாலயத்தின் படிக்கட்டில், அதுவும் யாருடைய வழியையும் மறைக்காமல் ஓரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டு ஒன்று கையில் இருந்தது. அதை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. சீருடை அணிந்த ஒருவர் எங்கிருந்தோ வந்து, "சிஞ்ஞோரா" என்று மரியாதையாக அழைத்து, உள்ளங்கையை மேல்நோக்கி இரண்டு முறை அசைத்துக் காட்டினார். அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு எழுந்த அம்மா என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, கோயில் படியில உட்காந்தா தப்பா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்?

சரி, காசு கொடுத்தே உட்காருவோம் என்று பார்த்தால், அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் காபிக்கு இரண்டு விலை உண்டு என்பது அறிந்ததுதான்: கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. ஒன்றரை யூரோ அளவில் முடிந்துவிடுகிற எஸ்பிரெஸோ, நகரின் நடுவிலிருக்கும் சிஞ்ஞோரியா சதுக்கத்தைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பல மடங்கு ஏறிவிடுகிறது. உணவகம் என்றால் பில்லில் 'கொபெர்த்தோ' என்ற பெயரில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ தனியாகச் சேரும். மேசை விரிப்புக்கும் ரொட்டிக்கும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ரொட்டியைத் தொடாவிட்டாலும் தொகை குறையாது. கடைக்காரர்மீது எனக்கு வருத்தமில்லை, அவர் வாடகை கொடுக்கிறார். ஆனால், தெருவில் இலவசமாக உட்கார இடமே இல்லாதபடி செய்துவிட்டு, உட்காருவதையே ஒரு வியாபாரச் சரக்காக மாற்றியது யார்?

இதை வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடிந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். 2017இல் அன்றைய மேயர் டாரியோ நர்டெல்லா, சாண்டா குரோச்சே, சாண்டோ ஸ்பிரிட்டோ ஆகிய தேவாலயங்களின் படிகளில் மதிய உணவு வேளையில் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஏற்பாடு செய்தார். படி ஈரமாக இருந்தால் யாரும் அதில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் அல்லவா, அதுதான் திட்டம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வியா தே நேரி உள்ளிட்ட நான்கு இடங்களில், மதியம் 12 முதல் 3 வரையிலும் மாலை 6 முதல் இரவு 10 வரையிலும், நடைபாதையிலோ வாசற்படியிலோ நின்று சாப்பிட்டால் 150 முதல் 500 யூரோ வரை அபராதம் என்று உத்தரவு வந்தது. வியா தே நேரி என்பது ரொட்டிக்குள் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கொடுக்கும் கடைகளுக்குப் பேர்போன தெரு. கையில் வாங்கிச் சாப்பிடும் உணவை அந்தத் தெருவில் விற்கலாம், வாங்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாதாம்! அந்த உத்தரவு 2019 ஜனவரி வரைக்குமானதுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் மனப்போக்குக்குக் காலக்கெடு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

உள்ளூர்க்காரர்களின் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. தன் வீட்டு வாசற்படியில் தினமும் எண்ணெய்க் கறையையும் மது சிந்திய காகிதக் குவளைகளையும் பார்க்கிறவர் கோபப்படத்தான் செய்வார். அப்படியென்றால் குப்பை போடுகிறவரைப் பிடியுங்கள், 500 அல்ல, 1000 யூரோகூட வாங்குங்கள், நான் கைதட்டுவேன். குப்பைத் தொட்டி வைத்து, பெஞ்சும் போட்டுவிட்டு, அதன்பிறகும் படியை அசுத்தம் செய்கிறவனை விரட்டினால் அது நிர்வாகம். களைத்து உட்கார்ந்த எல்லோரையும் ஈரப்படியால் விரட்டுவது சோம்பேறித்தனம்.

எனக்கு வயிறு எரிவதற்கு முக்கியக் காரணம் வேறு. வந்தவர் போனவர் உட்காரத் தெருவோரத்தில் கல் இருக்கை கட்டி வைத்த ஊரே இதுதான். 1444இல் தொடங்கிய மெடிச்சி மாளிகையின் வெளிச்சுவரைப் பாருங்கள், 1489இல் தொடங்கிய ஸ்ட்ரோஸ்ஸி மாளிகையைப் பாருங்கள், ருச்செல்லாய் மாளிகையைப் பாருங்கள்: அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டிய நீளமான கல் பெஞ்சு, நம் ஊர்த் திண்ணை மாதிரியே, தெருவைப் பார்த்து இருக்கும். காரியமாக வந்து காத்திருப்பவர்களும் வழிப்போக்கர்களும் உட்காரட்டும் என்று கட்டினார்கள். அப்படிக் கட்டியவர்கள் ஒன்றும் துறவிகள் இல்லை; வட்டிக்கு விட்டும் வணிகம் செய்தும் பெரும்பணம் சேர்த்தவர்கள். அந்தப் பணக்காரர்களுக்கு இருந்த தாராளம், பயணிகளால் பிழைக்கும் இன்றைய நகரத்துக்கு இல்லை. அன்று என் அம்மாவுக்குக் கடைசியில் புகலிடம் கொடுத்ததும் ஸ்ட்ரோஸ்ஸி மாளிகையின் அந்தக் கல் பெஞ்சுதான்.

பேராலயத்தின் தென்புறத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. புரூனெல்லெஸ்கி தன் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அது சிலை. அருகிலேயே, கவிஞர் தாந்தே உட்கார்ந்து பேராலயம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த கல் என்று சொல்லி ஓரிடத்தைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். 1817இல் சாண்டா குரோச்சேயின் கலையழகில் நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு வெளியே வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தாலும் அந்தத் தேவாலயச் சதுக்கத்துப் பெஞ்சு ஒன்றில்தான் உட்கார்ந்து தேறியதாக எழுதியிருக்கிறார். செத்துப்போன மேதைகள் உட்கார்ந்ததெல்லாம் வரலாறு, உயிரோடு இருக்கிறவர் உட்கார்ந்தால் ஒழுங்கீனம்!

போகப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சந்தீசிமா அனுன்சியாத்தா சதுக்கத்தில், புரூனெல்லெஸ்கி வடிவமைத்த அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் அகலமான படிகளில் நிம்மதியாக உட்காரலாம், ஒப்லாத்தே நூலகத்தின் மேல்மாடியில், குவிமாடத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு உட்காரலாம், அதற்கு டிக்கெட் இல்லை, ஆர்னோ ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறினால் ரோஜாத் தோட்டத்தில் பெஞ்சுகள் உண்டு. ஆனால் மூட்டுவலிக்காரரை மேடேறி வந்து உட்காரச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பதில் சொல்ல வேண்டியது நகராட்சிதான். மூன்று நட்சத்திர விடுதியில் தங்குகிற ஒவ்வொருவரிடமும் ஓர் இரவுக்கு 6 யூரோ வீதம் சுற்றுலா வரி வாங்குகிறீர்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் 8 யூரோ. வரவேற்பு மேசையில் சாவியைக் கொடுக்கும்போதே அந்த வரிக்குத் தனி ரசீதும் கொடுக்கிறார்கள். அம்மாவும் நானும் கட்டிய வரியில் பளிங்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. சிஞ்ஞோரியா சதுக்கத்தின் ஓரத்தில், முதுகு சாய்க்கிற மாதிரி நான்கு மர பெஞ்சுகளைப் போடுங்கள்.