மழை வந்தால் மட்டும் எங்களைத் தேடுவீர்கள்

எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்து (உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசுபவர்கள் நாங்கள்) மூத்தவர் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்திருந்த ஆன்டெனாவை அந்தக் கட்டடத்துக்காரர்கள் அறுத்துப் போட்டார்கள். வியாழக்கிழமை நான் போட்ட அந்தப் படத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. படத்தில் தெரியாததை மட்டும் சொல்கிறேன். ரேடியோ செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் அந்தக் கோஆக்ஸ் கேபிளை யாரும் கழற்றவில்லை, அறுத்திருக்கிறார்கள். கழற்றுவதற்கு ஸ்பானர்கூட வேண்டாம், கனெக்டரைக் கையால் திருகினாலே வந்துவிடும். அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல் மூன்று இடங்களில் அறுத்து, துண்டுகளை லிஃப்ட் அறைக்குப் பக்கத்தில் எறிந்திருக்கிறார்கள். இரவு பெய்த மழையில் அறுந்த முனைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. தண்ணீர் இறங்கினால் உள்ளே பின்னியிருக்கும் செம்புக் கம்பி கறுத்துப் பச்சை பிடித்துவிடும். அதற்குப் பிறகு அது துணி காயப்போடும் கொடிக்கயிறுதான். பழைய டி.வி. ஆன்டெனா போல இருக்கும் யாகி ஆன்டெனாவில் இரண்டு அலுமினியக் குழாய்கள் வளைந்துவிட்டன. எங்கள் சங்கத்து மூத்தவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரமாகப் பார்த்து இது நடந்தது தற்செயல் என்கிறார்கள். தற்செயலாகவே இருக்கட்டும்.

அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கையில் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு, கதிர்வீச்சு, கட்டடத்தின் அழகு. அழகைப் பற்றி நான் பேசக் கூடாது. அந்த மொட்டை மாடியில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியும், யாருடைய வீட்டிலோ இருந்து வந்த பழைய கழிப்பறைக் கோப்பையும் எத்தனையோ காலமாக அழகாகவே இருக்கின்றன. கதிர்வீச்சைப் பற்றிப் பேசலாம். அதே மாடியின் வடக்கு மூலையில் ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது. இரவு பகலாக அலை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மாதாமாதம் வாடகை வருகிறது. மூத்தவரின் செட் அவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மட்டும்தான் அலை அனுப்பும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசினால் அதிகம். ஆக, வாடகை கொடுத்தால் அது தொலைத்தொடர்பு, கொடுக்காவிட்டால் கதிர்வீச்சு. புரிந்துகொண்டோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். புயல் அன்றைக்கு நாங்கள் வேண்டுமென்றால், புயல் இல்லாத அன்றைக்கு அந்த ஆன்டெனா மாடியில் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான். மழை பிடித்த பிறகு கடையில் போய் வாங்கிவந்து மாட்டுகிற பொருள் இல்லை அது.

எங்கள் ஞாயிறு காலை நெட்டை (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் உலகை மாற்றுகிற விஷயம் எதையும் நாங்கள் பேசுவதில்லை. நெட் கன்ட்ரோலில் இருப்பவர் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தன் அழைப்புக்குறியை (உரிமத்தில் இருக்கும் அடையாள எழுத்துகள்) சொல்லி, எங்கிருந்து பேசுகிறார் என்று சொல்லி, எதிராளியின் சிக்னல் எப்படி வருகிறது என்பதற்கு மதிப்பெண் கொடுப்பார். நன்றாகக் கேட்டால் ஃபைவ் நைன். பிறகு முழங்கால் வலி, காகம் ஆன்டெனாவில் கூடு கட்டியது, பேத்தியின் பள்ளி ஆண்டு விழா. என் மனைவிக்கே கேட்கச் சகிக்காது. ஆனால் வருடக்கணக்காக இதைச் செய்ததால்தான் தாம்பரத்தில் இருப்பவர் பேசினால் யாருக்குக் கேட்கும், திருவொற்றியூருக்கு யார் வழியாகப் போக வேண்டும், யாருடைய பேட்டரி அரை மணி நேரத்தில் படுத்துவிடும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். நாங்கள் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. உயரம் போனால் தூரமும் போயிற்று. கேட்டதை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் மின்சாரம் இல்லாமல் நின்றுவிட்டால், நகரத்தின் நடுவில் உயரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர்தான் எங்கள் மூத்தவர். அந்த உயரம்தான் அவருடைய ஆறாவது மாடி.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போனது. எதற்கு? உலகமெங்கும் இருக்கிற ஹாம்களுக்கு அந்தமானோடு பேசும் வாய்ப்பு அபூர்வம் என்பதால், போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டிப் பேசுவதற்கு. நம் ஊர்க் கணக்கில் சுத்தமான வேலையற்ற வேலை. 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கிக் கடல் உள்ளே வந்தது. தொலைபேசி போயிற்று. தீவுகளிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி போக அந்த ஆன்டெனா இருந்தது. யாரும் அவர்களை நிவாரணத்துக்கு அனுப்பவில்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், ஆன்டெனா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. இதைத்தான் நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடனே ஒருவர் வருவார், ‘அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை சார், இப்போது கையில் வாட்ஸ்அப் இருக்கிறதே’ என்று. இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இருந்தது. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் கொண்டுபோக இடுப்பளவுத் தண்ணீரில் வண்டி ஓட வேண்டும். அந்த இரவுகளில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? மறந்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். முடிச்சூரிலிருந்து ஒரு நண்பர் கை செட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெறும் 5 வாட் சக்தி. எனக்கு ஒரு கரகரப்பு மட்டும்தான் கேட்டது, சொல் பிடிபடவில்லை. மூத்தவருக்குக் கேட்டது. அவர் ஒவ்வொரு சொல்லாக வாங்கி என்னிடம் கொடுத்தார்: முதல் மாடியில் ஒரு வயதான அம்மா, இன்சுலின் தீர்ந்துவிட்டது, தெருவின் பெயர், வாசலில் என்ன மரம். பேனா மை மழைச்சாரலில் கலங்கியதால் என் மகளின் பென்சிலை வாங்கி, பேச்சுகளைப் பதிவுசெய்யும் லாக் புத்தகத்தில் எழுதினேன். செட்டுக்கு என் ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து மின்சாரம். எங்கள் தெரு முனையில் படகோடு நின்றிருந்த இளைஞர்களிடம் அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மருந்து போய்ச் சேர்ந்தது. லாக் புத்தகத்தில் தாள் கிழிப்பது முறையில்லை, தெரியும்.

அந்தப் பேச்சில் இருந்த மூன்று பேரில் நடு ஆளை எடுத்துவிடுங்கள். முடிச்சூர் பேசும், எனக்குக் கரகரக்கும். நீங்கள் அறுத்தது அந்த நடு ஆளை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே கட்டடத்தில் மின்சாரம் போய், போனும் செத்து, மூத்தவர் வீட்டுக் கதவை யார் யார் தட்டினார்கள், யாருடைய மாமியார் வேளச்சேரியில் எப்படி இருக்கிறார் என்று அவர் விசாரித்துச் சொன்னார் என்பதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறது. வெளியிட்டால் நாகரிகமாக இருக்காது. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் அவரவர் மனச்சாட்சிக்குள் படித்துக்கொள்ளட்டும்.

‘சேட்டிலைட் போன் வாங்கி வைத்துக்கொள்ளலாமே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து உட்காரவைப்பார்கள். நல்ல யோசனைதான், முதலில் நீங்கள் வாங்குங்கள்.

‘மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது’ என்பது அடுத்த வாதம். சட்டப்படி சரி. மேலே பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பொது என்றால் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அறுக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஒரு நோட்டீஸ், ஒரு போன், ‘ஐயா, இதை அந்த மூலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா’ என்று ஒரு வார்த்தை? அவரே ஏறி மாற்றியிருப்பார். எழுபதைத் தாண்டியவர், இன்னமும் ஏணியில் யாரையும் ஏறவிடமாட்டார்.

மூத்தவர் பேசினால் டி.வி.யில் கோடு விழுகிறது என்ற புகார் ஒரு காலத்தில் நியாயமானது, அதை மறுக்கவில்லை. அப்படிச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் அவரே போய், சொந்தக் காசில் வாங்கிய, இடையூறைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தை வயரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். காப்பி கொடுத்தார்கள், குடித்தார். அத்தோடு முடிந்தது.

இனி அந்தப் ‘பாதுகாப்பு’. இதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. கூட்டத்தில் ஒருவர் ‘இவர் யாரோடு என்ன பேசுகிறார் என்று யாருக்குத் தெரியும்’ என்று கேட்டாராம். எல்லோருக்கும் தெரியும் ஐயா! அதே அலைவரிசையை வைத்துக் கேட்கிற யாருக்கும் தெரியும். ரகசியக் குறியீட்டில் பேச எங்களுக்கு அனுமதியே கிடையாது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, காசு வாங்கக் கூடாது. மத்திய அரசு 1978இலேயே இதற்கு விதிகள் போட்டது, தேர்வு இருக்கிறது, உரிமம் இருக்கிறது. பொது நிலை (ஜெனரல் கிரேடு) உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு வேறு படிக்க வேண்டும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஹாம் உரிமம் வைத்திருந்தவர்தான், அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி. பெயரையும் ஊரையும் திறந்தவெளியில் சொல்லிவிட்டு முழங்கால் வலியைப் பற்றிப் பேசும் ஒற்றனை எந்த நாடும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளாது.

சந்தேகப்படுவது தவறு என்று நான் சொல்லவில்லை. போன தடவை நாங்கள் நரி வேட்டை நடத்தியபோது (பயப்படாதீர்கள், ஒளித்துவைத்த சிறிய டிரான்ஸ்மிட்டரைத் திசை பார்த்துக் கண்டுபிடிக்கும் போட்டி அது) புதருக்குள் ஆன்டெனாவோடு திரிகிறார்கள் என்று யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு உதவி ஆய்வாளர் வந்தார். உரிமங்களைப் பார்த்தார். கேள்வி கேட்டார். பதில் பிடித்துப்போய், கடைசியில் அவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நரியைத் தேட வந்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பியவர் அவர். அறுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்கிறேன்.

‘பொழுது போகாத கிழவர்களின் கிளப்’ என்று கருத்துப் பெட்டியில் எழுதிய தம்பிக்கு ஒரு தகவல். இந்தச் சென்னையில் காற்றில் முதலில் ஒலிபரப்பு வந்தது அரசாங்கத்திடமிருந்து அல்ல, ஒரு கிளப்பிடமிருந்து. 1924இல் கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். 1927இல் பணமில்லாமல் மூடினார்கள். டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி இங்கே வந்தது 1938இல்தான். அந்த கிளப்புக்கும் பொழுது போகாமல்தான் இருந்திருக்கும்.

கிழவர்கள் என்பதும் முழுக்க உண்மையில்லை. 12 வயது ஆகிவிட்டால் தேர்வு எழுதலாம். எங்கள் சங்கத்தில் ஒரு பள்ளி மாணவி இருக்கிறாள். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது அதிலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் வருவதைக் கையால் செய்த ஆன்டெனாவை வைத்துப் பிடித்தவள். அந்த ஆன்டெனாவை எப்படிச் செய்வது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார், எந்த மாடியில் வைத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமைப் படத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் கூப்பிட்டாள். ‘அங்கிள், ஏன் அறுத்தார்கள்?’ என்றாள். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, போனை அவள் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

வெளியாரை மட்டும் சொல்வானேன். என் மைத்துனர் ஒவ்வொரு தீபாவளிக்கும் ‘என்ன மாப்பிள்ளை, இன்னும் அந்த ஹலோ ஹலோ விளையாட்டுதானா?’ என்று கேட்பார். சிரித்துவிட்டுத்தான் வருவேன். இந்த வருடம் சிரிப்பேனா என்று தெரியவில்லை. மூத்தவர் நேற்று என்னிடம் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. கோபமே இல்லை. ‘செட்டை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், எனக்கு இனிமேல் வேண்டாம்’ என்றார். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நான் இத்தனை நீளம் எழுதியிருக்க மாட்டேன்.

செட்டை நான் எடுக்கப்போவதில்லை. அது அவர் மேசையிலேயே இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நெட் என் வீட்டிலிருந்து நடக்கும், வழக்கமான நேரம், வழக்கமான அலைவரிசை. என் வீடு இரண்டே மாடி. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்காது, நடுவில் இருப்பவர்கள் வாங்கிச் சொல்லுங்கள். மூத்தவருக்காக ஆர்.ஜி. 213 கேபிள் 25 மீட்டர் தேவை, பி.எல். 259 கனெக்டர் இரண்டு. புதியதாக இருக்க வேண்டும், பரணிலிருந்து எடுத்து யாரும் தராதீர்கள். அந்தக் கட்டடத்துச் செயலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டு நானும் இன்னும் இருவரும் திங்கட்கிழமை மாலை போகிறோம். கோபப்படாமல் பேசக்கூடியவர் யாராவது கூட வந்தால் நல்லது, நாங்கள் மூவரும் அதற்கு லாயக்கில்லை.